ஒன்பதாவது நிமிடத்தில் அணைகிற லேப்டாப்

முத்துப்பேட்டையில் பட்டுக்கோட்டை ரோட்டோரம், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற சின்ன அறையில் எழில்மொழி லேப்டாப் பழுது பார்த்தாள். இரண்டாயிரத்துப் பத்தில் அந்த ஊரில் வேறு பெண் யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆண்களிலும் ஒருவர்தான் இருந்தார். அவரும் பாதி நாள் செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் எழில்மொழி உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க மாட்டாள். பட்டனை அழுத்திவிட்டுக் குனிந்து கீபோர்டின் மேல் காதை வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தம், ஃபேன் எழும்புகிற சத்தம், மெமரி கார்டு சரியாக உட்காராவிட்டால் வருகிற பீப், எல்லாம் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்கும். எதிரே நிற்பவர் பொறுமை இழந்து, "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று கேட்கிற வரைக்கும் அப்படியே இருப்பாள். உண்மையைச் சொன்னால் அதில் பாதி நேரம்தான் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மீதி நேரம் வேறு எங்கோ போயிருப்பாள்.

அது பிறவிக் குணம். அப்பா மருதையனும் அம்மா அம்சமும் அடுத்தவர் வயலில் வேலைக்குப் போன காலத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நாற்றுமுடியைக் கையில் கொடுத்து, கொண்டுபோய்க் கொடு என்று சொன்னால், வாய்க்காலில் சுழித்துப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நின்றுவிடுவாள். "நாத்தை நடச் சொன்னா இவ தன்னையே நட்டுக்கிட்டு நிக்கிறா" என்று அம்சம் தலையில் அடித்துக்கொள்வாள். எதற்கும் லாயக்கில்லாமல் போனதால்தான் படிக்க வைத்தோம் என்று மருதையன் டீக்கடையில் சொல்லித் திரிந்தார். சுத்தப் பொய். மகள் படித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான்.

திருவாரூரில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. பிறகு சென்னையில் மூன்று வருஷம், ஒரு சர்வீஸ் சென்டரில். அங்கே வந்த லேப்டாப்புகளுக்கு முதுகில் நம்பர் ஒட்டியிருந்தது, ஆள் கிடையாது. யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது, எப்படிக் கெட்டுப்போனது, ஒன்றும் தெரியாது. அது அவளுக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆள் பறந்துகொண்டிருந்த காலத்தில் அவள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினாள். பைத்தியம் என்றார்கள். அவள் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

முத்துப்பேட்டையில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வீடு இருந்தது. ஊரில் பாதி ஆண்கள் குவைத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். முகம் பார்த்துப் பேச, அங்கே கொஞ்ச நாள் தாங்கள் வைத்திருந்த லேப்டாப்பை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதுகைக் கழற்றினால் உள்ளே தூசி இருக்கும். அதைத் துடைப்பதற்கு முன்னால் எழில்மொழி கொஞ்ச நேரம் பார்ப்பாள். பாலைவனத்து மணல் மைதா மாவைவிட மெல்லிசு, விரலில் ஒட்டினால் தெரியாது. ரைஸ் மில்காரர் மெஷினில் தவிடு. முகம் தெரியாத ஒரு அறையில், அடுக்குக் கட்டிலில், யாரோ ஒருவர் இதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலம் அவள் கண்ணுக்குள் வந்து நிற்கும். அதிலேயே கால்மணி நேரம் கரைந்துபோகும்.

இந்தக் குணத்தால்தான் அவள் மெஹராஜ் பேகம் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மெஹராஜ் பேகம் புதுத்தெருக்காரி. முப்பது வயதிருக்கும். புருஷன் ஜெகபர் அலி குவைத்தில். மகள் ஷமீரா மூன்றாம் வகுப்பு. புருஷன் பெயரைச் சொல்லாமல் "ஷமீரா வாப்பா" என்றுதான் சொல்வாள். மார்கழி மாதம் ஒரு நாள் லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பேசிக்கிட்டிருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சுபோவுது எழிலு. முதல்ல முக்கால் மணி நேரம் வந்துச்சு. அப்புறம் இருபது நிமிஷம் ஆச்சு. இப்ப ஒன்பது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துட்டேன், ஒன்பதுக்கு மேல தாங்கல."

"பாட்டு, படம் ஏதாவது போட்டா?"

"அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. ஷமீரா மணிக்கணக்குல பாட்டுக் கேக்கிறா. தங்கச்சி கல்யாண சிடி முழுசா ஓடுது. அவங்க வந்தா மட்டும்தான் அணையுது."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். எழில்மொழி வழக்கம்போலக் காதை வைத்தாள். கண்ணை மூடினாள். மூக்கில் சாம்பிராணி வாசனை ஏறியது. மெஷினிலிருந்தா, சுற்றி வந்த துணியிலிருந்தா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சின்ன வயதில் நாகூர் கந்தூரிக்குப் போனதும், கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து புகைக்குள் விளக்குகளைப் பார்த்ததும் நினைவுக்கு வந்து, அந்த விளக்குகளுக்குப் பின்னாலேயே போய்விட்டாள்.

திரும்பி வந்தபிறகு செய்யவேண்டியதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் ஓட்டினாள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினாள். மெமரி கார்டை எடுத்து அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினாள். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள். ஒரு படத்தைப் போட்டு, பக்கத்தில் டேபிள் ஃபேனைச் சுழலவிட்டு, மூன்று மணி நேரம் ஓடவிட்டாள். மார்கழிக் குளிர் வேறு. மெஷின் ஒரு தடவைகூட அணையவில்லை. சாயங்காலம் மெஹராஜ் பேகம் வந்தபோது, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

ஏழு வாரம் கழித்து மெஹராஜ் பேகம் மறுபடி வந்தாள். இந்த முறை கையில் லேப்டாப் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு பேப்பர்ல எழுதித் தரணும் எழிலு. மெஷின்ல கோளாறு இல்லைன்னு நீங்க சொன்னதை. கடை பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு."

"எதுக்குக்கா?"

"மாமியார் வீட்டுல காட்டணும். அப்புறம் ஜமாத்துல பேசணும்."

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. கடையில் காட்டியாயிற்று, கோளாறு இல்லையாம் என்று மெஹராஜ் பேகம் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நீதான் அணைக்கிறாய், என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை உனக்கு என்றிருக்கிறார் ஜெகபர் அலி. அணைப்பது நீங்கள்தான், முக்கால் மணி நேரம் பேசினவர் ஒன்பது நிமிஷத்துக்கு வந்துவிட்டீர்கள், நான்கு வருஷமாக ஊருக்கும் வரவில்லை, அங்கே வேறு என்ன இருக்கிறதோ என்றிருக்கிறாள் இவள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது திரை கறுத்துப்போனது. வெள்ளிக்கிழமைதான் அவர்கள் பேசுகிற நாள். அதற்குப் பிறகு ஆறு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. இவளும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. லேப்டாப் மட்டும் வெள்ளிக்கிழமை மதியமானால் மேசையில் திறந்து கிடக்கிறது.

"வேண்டாம்னு இருக்கிறவங்களைப் புடிச்சு வச்சு என்ன பண்றது? நான் வெலகிக்கிறேன். மெஷின் நல்லா இருக்குன்னா அணைக்கிறது அவங்கதான்னு ஆவும்ல. நான் அணைச்சேன்னு பேரு வரக்கூடாது" என்றாள் மெஹராஜ் பேகம். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

எழில்மொழி பேனாவை எடுத்தாள். 'மெஷினில்' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. திறந்து பார்க்கவே இல்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று மெமரி கார்டை மாற்றுகிற சின்ன மூடியை மட்டும் கழற்றினாள். ஃபேன் பக்கம் போகவில்லை. போகாமலே, இல்லை என்று வாயால் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை கடல் தாண்டிப் போய் ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. பேனாவை மூடி வைத்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானேக்கா. நான் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன். அதுக்கப்புறம் எழுதித் தர்றேன்."

மறுநாள் அவள் தன் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தபோது ரோடு நெடுக சம்பா நெல்லைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒரு பக்கமாக ஒதுங்கி ஊர்ந்தது. தூசி எழும்பி வெயிலில் மிதந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்தத் தூசியிலேயே அவள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருப்பாள். அன்று பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் ஷமீரா இல்லை, பாட்டியைப் பார்க்க நன்னி வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளறையில் ஜன்னலோரம் மேசை. அதன்மேல் லேப்டாப். எழில்மொழி அதன் கேமராவை ஓடவிட்டு, எதிர்ச் சுவரைப் படம் பிடிக்க வைத்தாள்.

"பாட்டுக்கும் படத்துக்கும் இதுக்கு வேலை கம்மிக்கா. கேமரா ஓடினாத்தான் நிறைய வேலை. அவங்ககிட்ட பேசும்போது மட்டும்தானே கேமரா ஓடும்?"

மெஹராஜ் பேகம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழில்மொழி மெஷினின் இடது ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். நான்காவது நிமிஷம் சூடு ஏறியது. ஆறாவது நிமிஷம் ஃபேன் முனக ஆரம்பித்தது. காற்று வெளியே வரவேண்டிய சந்தில் விரலை வைத்தால் ஒன்றுமே வரவில்லை. எட்டாவது நிமிஷம் கை வைக்க முடியவில்லை. ஒன்பதாவது நிமிஷம் முடிகிற நேரத்தில், திரையிலிருந்த சுவர் சத்தமில்லாமல் மறைந்தது.

"யாரும் அணைக்கலக்கா" என்றாள் எழில்மொழி. "சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்குது."

மெஹராஜ் பேகம் எட்டி மெஷினின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

எழில்மொழி இந்தத் தடவை முழுசாகக் கழற்றினாள். ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் ஒரு தாம்பாளத்தில் வைத்துக்கொண்டே வந்தாள். கீபோர்டு வந்தது, மேல் மூடி வந்தது. செம்புக் குழாயின் முனையில், சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக நிற்கிற தகடுகள்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். அந்தப் பற்களே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. தூசி என்றால் ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. விரலில் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். அதே வாசனை.

"அக்கா, இதுக்குப் பக்கத்துல சாம்பிராணி போடுவீங்களா?"

மெஹராஜ் பேகம் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"வியாழக்கிழமை பொழுது சாய்ஞ்சு மஃரிபுக்கு வீடு முழுக்கக் காட்டுவோம்ல. ஷமீரா வாப்பா இங்க இருக்கும்போது சட்டிய அவங்க முன்னாலதான் கடைசியா கொண்டுபோய் நிறுத்துவேன். ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சில தடவிக்குவாங்க. அவங்க போனப்புறம் யாருக்குக் காட்டுறது? இது வந்ததும் இதுக்குக் காட்டினேன். அவங்க மூஞ்சி இதுலதானே வருது? தொறந்து வச்சு, ஓடவிட்டு, சட்டிய இப்படிப் பக்கத்துல வைப்பேன். அது புகையை மெல்ல உள்ள இழுக்கும் எழிலு. ஒரு பக்கமா போய் உள்ளேயே நின்னுக்கும். எனக்கு அவங்களே இழுத்துக்குற மாதிரி இருக்கும். ரெண்டு வருஷமா ஒரு வாரம் விட்டதில்ல."

எழில்மொழிக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. விளக்கேற்றின நேரம், பள்ளிவாசலில் வாங்கு சொல்லி முடிந்த தெரு, மேசையில் திறந்து கிடக்கிற மெஷின், அதன் வயிற்றுக்குள் சாம்பல் நிறமாகப் போகிற புகை. நூறு வியாழக்கிழமைகளின் புகை இப்போது அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவங்க சொன்னது சரிதான்" என்றாள் மெஹராஜ் பேகம். "நான்தான் அணைச்சிருக்கேன். இதப் போய் எப்படிச் சொல்றது? கேட்டா ஊரே சிரிக்கும்."

"ஊருக்கு எதுக்குச் சொல்லணும்? முதல் தடவையே நான் தொறந்து பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. வாசனை அன்னைக்கே வந்துச்சு, நான்தான் பராக்குப் பார்த்துட்டேன். அவங்ககிட்ட நானே சொல்றேன்."

சொன்ன பிறகுதான் கடையின் நினைப்பு வந்தது. பொம்பளை மெக்கானிக் பார்த்த லட்சணம் இதுதானா என்று ஜெகபர் அலி குவைத்தில் நாலு பேரிடம் சொன்னால் போதும். அந்த நாலு பேருக்கும் முத்துப்பேட்டையில் வீடு இருக்கிறது, வீட்டில் லேப்டாப் இருக்கிறது. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை.

பழைய பல் தேய்க்கிற பிரஷ், பஞ்சு, ஸ்பிரிட். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஈர்க்குச்சியை விட்டு மெல்லச் சுரண்டினாள். கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி துண்டு துண்டாக வந்தது. ஃபேன் இதழ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சிப்பின் தலையிலிருந்த பழைய பசையை வழித்துவிட்டு, சூட்டைக் கடத்துகிற புதுப் பசையைப் பொட்டு அளவு வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் தென்னை ஓலைகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மூட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுபடி கேமராவை ஓடவிட்டபோது சந்திலிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் கையில் பட்டது. பத்து, பதினைந்து, இருபது நிமிஷம் ஆகியும் சுவர் சுவராகவே இருந்தது.

"கூப்பிடுங்கக்கா."

மெஹராஜ் பேகம் செல்போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். மிஸ்டு கால் என்றால் கம்ப்யூட்டருக்கு வா என்று அவர்களுக்குள் கணக்கு. ஆறு வாரம் கழித்துப் போகிற மிஸ்டு கால். மணி மூன்றே முக்கால். அங்கே ஒன்றேகால், ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்திருக்கிற நேரம்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, லேப்டாப்பில் மணி அடித்தது. திரையில் ஜெகபர் அலி வந்தார். கண் சிவந்திருந்தது. பின்னால் அடுக்குக் கட்டில், கம்பியில் தொங்குகிற சட்டைகள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எழில்மொழி குறுக்கே தலையை நீட்டினாள்.

"அண்ணே, நான்தான் லேப்டாப் பார்க்கிற எழில்மொழி. மெஷின்ல கோளாறு இல்லைன்னு நான் சொன்னது தப்பு. தொறந்து பார்க்காம சொல்லிட்டேன். உள்ள அடைச்சுக்கிட்டு, சூடாகி, தானாவே அணைஞ்சிருக்கு. அக்கா அணைக்கல. நீங்களும் அணைக்கல."

"என்ன அடைச்சிருந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

எழில்மொழி மெஹராஜ் பேகத்தைப் பார்த்தாள். மெஹராஜ் பேகம் தலையைக் குனிந்துகொண்டு, "சாம்பிராணி" என்றாள். பிறகு வியாழக்கிழமை விவரத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று எழில்மொழி பயந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கா காட்டினே?"

"வேற யாருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பியில் தொங்கின சட்டை ஒன்றை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். எழில்மொழி தரையில் ஓரமாக உட்கார்ந்து கையை மட்டும் மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பியிருக்கலாம். ஒன்பதைத் தாண்டாமல் கிளம்ப அவளுக்கு மனசு வரவில்லை.

எட்டாவது நிமிஷத்தில் இரண்டு பேரும் அவசர அவசரமாகப் பேசினார்கள். பழகிப்போன அவசரம். ஒன்பது வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது நிமிஷம் வந்தது. மெஷினுக்கு அடியில் இளஞ்சூடுதான்.

"இருக்கியா?" என்றார் ஜெகபர் அலி.

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கையில் இவ்வளவு நேரம் கிடைத்து எத்தனையோ நாளாயிற்று. ஷமீராவுக்குப் பல் விழுந்ததை அவள் சொன்னாள். ராத்திரி டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள், விடிந்து வந்து குளித்து ஜும்ஆவுக்குப் போய் இப்போதுதான் உட்கார்கிறேன் என்று அவர் சொன்னார். கொல்லையில் குழாய் ஒழுகுவதை அவள் சொல்ல ஆரம்பித்தாள். வாஷர் போட்டது, பிளம்பர் வராதது, பக்கத்து வீட்டுக்காரி வாளி வைத்துப் பிடித்துக்கொண்டது என்று நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். உம் கொட்டிக்கொண்டிருந்தவர் தலையணையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் உம் நின்றுவிட்டது.

மெஹராஜ் பேகம் பேச்சை நிறுத்தினாள். வாய் லேசாகத் திறந்திருக்க, ஜெகபர் அலி தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது.

எழில்மொழி எழுந்து மெதுவாக, "நிறுத்திடவாக்கா?" என்று கேட்டாள்.

"வேணாம்."

"இன்னும் ரொம்ப நேரம் ஓடும்."

"ஓடட்டும். இவங்க தூங்கிப் பார்த்து நாலு வருஷமாச்சு."

மெஹராஜ் பேகம் நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளி எழுந்தாள். மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் மேசைக்கு வந்து திரையில் அவர் முகத்தின்மேல் விழுந்திருந்தது. அவள் போய், அவர் கண் கூசாமல் இருக்க, திரைச்சீலையை இழுத்து மூடினாள்.